போர்மாவில் தண்ணீர் விட்டது யார்?

கொத்தனார் சங்க ஆண்டு மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்தபோது எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. இத்தனை வருடம் கொத்து வேலை பார்த்தவனை ஒரு நாளும் திரும்பிப் பார்க்காதவர்கள் இப்போது எதற்கு வருகிறார்கள்? காப்பி கொடுத்து மெதுவாகக் கிண்டியதில் விஷயம் வெளியே வந்தது. நாகர்கோவிலில் ஒரு பேக்கரியில் கரண்டில் சுடும் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். பழைய போர்மாவை இடிக்கப் போன பையன்கள் தளக்கல்லைப் பெயர்த்ததும் கீழே உப்பும் உடைந்த கண்ணாடியும் கிடப்பதைக் கண்டு கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்களாம். கட்டியது நான்தான் என்று யாரோ சொல்ல, என்ன மந்திரம் என்று கேட்டுக்கொண்டு போக வந்திருக்கிறார்கள். அனுபவக் கட்டுரை என்பது சும்மா ஒரு சாக்கு.

மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. போர்மா என்பது ரொட்டியும் பன்னும் ரஸ்க்கும் சுட வீட்டுக்குப் பின்னாலோ கடைக்குப் பின்னாலோ கட்டும் செங்கல் அடுப்பு. வெளியே பார்த்தால் நாலு பக்கமும் கல் சுவர். உள்ளே சமமான தளம், மேலே கவிழ்த்த சட்டி மாதிரி வளைவு. விறகை உள்ளேயே போட்டு எரிக்க வேண்டும். முதலில் கரி பிடித்துக் கறுத்த வளைவு, சூடு ஏற ஏற வெளுக்கும். அப்போது கனலை வாரி வெளியே தள்ளிவிட்டு, ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்து, அந்தச் சூட்டில் ரொட்டியை அடுக்குவார்கள். தளத்துக்கு அடியில் மணலோடு உப்பும் கண்ணாடிச் சில்லும் பரப்பினால் சூடு கீழே இறங்கிப் போகாது. அப்படித்தான் எங்களுக்குச் சொன்னார்கள், அப்படித்தான் நாங்களும் செய்தோம். இதற்குப் போய்க் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் கொத்தனாரா?

சரி, கேட்டுவிட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற கதையை எழுதப் போவதில்லை.

சுதந்திரம் கிடைத்த வருடம் நான் ஏசுவடியான் மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். தக்கலைக்குப் பக்கத்தில் வீடு. தெற்கே கடற்கரை வரைக்கும் மேற்கே களியக்காவிளை வரைக்கும் போர்மா கட்ட வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதல் மூன்று வருடம் மண் சலித்தேன், கல் சுமந்தேன், ஏச்சு வாங்கினேன். அதில் எழுத ஒன்றுமில்லை.

மேஸ்திரியைப் பற்றி எழுத வேண்டும். மெலிந்த மனிதர். சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு வண்டி செங்கல் வந்து இறங்கினால், அத்தனை கல்லையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கொத்துக் கரண்டிக் கைப்பிடியால் ஒரு தட்டுத் தட்டுவார். மணி மாதிரிக் கேட்டால் வலது பக்கம், சத்தம் அமுங்கினால் இடது பக்கம். சூளைக்காரர் ஒரு தடவை, "எல்லாம் ஒண்ணாம் நம்பர் கல்லு மேஸ்திரி, நான் சொல்லுகேன்" என்றார். மேஸ்திரி தலையைத் தூக்காமல், "நீரு சொல்லண்டாம். கல்லு சொல்லட்டு" என்றார். வளைவுக்குப் புற்றுமண்ணும் சலித்த ஆற்றுமணலும் குழைப்போம். மணலில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்ப்பார். கடல் மணலைக் கலந்து ஏமாற்றுகிறார்களோ என்று அவருக்கு ஓயாத சந்தேகம். அவர் நாக்கில் வைத்ததைத் துப்பும் வரை மணல் கொண்டுவந்த வண்டிக்காரர் மூச்சு விடமாட்டார்.

போர்மா கட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி அதைச் சூட்டுக்குப் பழக்குவது. ஈர மணலை வளைவின் உருவத்துக்குக் குவித்து, அதன்மேல் நனைத்த காகிதம் ஒட்டி, அதன்மேல் கல் அடுக்குவோம். நாலைந்து நாள் கழித்து வாசல் வழியாக மணலை வாரி எடுத்தால் வளைவு தானே நிற்கும். பிறகு ஒரு வாரம் நிழலில் காயவேண்டும். அதற்குப் பின்தான் தீ. முதல் நாள் ஒரு கை தேங்காய்ச் சிரட்டைக் கனல், அவ்வளவுதான். இரண்டாம் நாள் கொஞ்சம் தேங்காய் நார்க் கதம்பை. மூன்றாம் நாள் தென்னை மட்டை. நாளுக்கு நாள் ஒரு பிடி கூட்டி, பத்தாம் நாள்தான் புளிய விறகு. கல்லுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இருக்கிற ஈரம் பைய வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் ஈரம் உள்ளேயே ஆவியாகி வளைவைப் பிளந்துவிடும்.

ஈரம் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? அதற்கு மேஸ்திரியிடம் ஒரு பித்தளைத் தட்டு இருந்தது. அதைக் கிணற்றுத் தண்ணீரில் குளிரவைத்துத் துடைத்துப் புகைபோக்கி வாயில் பிடிப்பார். தட்டு வியர்த்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. முதல் நாள் தட்டிலிருந்து சொட்டும். ஆறாம் நாள் ஆவி படிந்த மாதிரி மங்கும். எட்டாம் நாள் காய்ந்தபடியே இருக்கும்.

இந்தச் சூட்டு வேலையைப் பற்றி வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். போர்மா வாசலில் சாக்கைத் தொங்கவிட்டு மறைத்துவிடுவார். என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "வேலை செய்யுகேன்" என்பார். எங்களிடம், "சொல்லிக் குடுத்தா அடுத்த போர்மாவை அவனுக்க மச்சினனை வெச்சுக் கட்டுவான். வாயைப் பொத்திக்கிட்டு இருங்கலே" என்பார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

இனி அருளப்பன் வீட்டு போர்மா. எங்கள் ஊரெல்லாம் இன்னும் திருவனந்தபுரம் ஆட்சிக்குக் கீழே இருந்த காலம். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். அருளப்பன் கொழும்பில் ஒரு பேக்கரியில் பன்னிரண்டு வருடம் ரொட்டி சுட்டவர். அங்கே நம்மவர்களிடம் குடியுரிமைக் காகிதம் கேட்கத் தொடங்கியதும் திரும்பி வந்துவிட்டார். இனி அங்கே போகவும் முடியாது, கடலில் போய் வலை இழுத்தும் பழக்கமில்லை. வள்ளத்தில் தனக்கிருந்த பங்கையும் மனைவி திரேசம்மாளின் சங்கிலியையும் விற்றுத்தான் வீட்டுக்குப் பின்னால் போர்மா கட்ட இறங்கினார். அந்த ஊர் மாதா கோவில் திருவிழா, கொடியேற்றிலிருந்து தேர் வரை பத்து நாள். கொடியேற்றுக்கு நல்ல ரொட்டி தந்தால் பத்து நாளும் உன்னிடமே வாங்குகிறோம், தராவிட்டால் வழக்கம்போல நாகர்கோவில் கடைதான் என்று கோவில் கமிட்டி சொல்லியிருந்தது. பத்து நாள் சனம் தின்று பழகினால் வருடம் முழுவதும் வியாபாரம் நிற்கும். இல்லையென்றால் விற்றதெல்லாம் மண்ணுக்குள் போனது போலத்தான்.

அருளப்பன் யாரையும் நம்பாதவர். செங்கல்லை நாங்கள் வெளியே கடத்திவிடுவோம் என்று ஒவ்வொரு கல்லிலும் கரியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். நாங்கள் சலித்துக் கழித்த மண்ணைக் காலால் கிளறிப் பார்ப்பார். நானும் லேசுப்பட்டவன் இல்லை. அவர் கிளறிவிட்டுப் போனதும், எதையாவது கலந்திருப்பாரோ என்று நான் போய்க் கிளறுவேன்.

வெளிச்சுவர் கல்லும் சுண்ணாம்பும். அதை மேஸ்திரியே எழுப்பினார். காலையும் மாலையும் தண்ணீர் விட்டு நனைத்தோம். அதற்குள் பத்மநாபபுரத்தில் ஒரு வீட்டு வேலை அவசரமாக வந்தது. மேஸ்திரி பித்தளைத் தட்டை என் கையில் தந்து, "எடே தங்கையா, வளைவும் சூடும் உனக்க பொறுப்பு" என்றார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. ஏனென்றால் என்னோடு இருந்த செல்லையன் என்னைவிட ஆறு வருடம் மூத்த வேலைக்காரர். வளைவுக் கல் வைப்பதில் அவர் கை என் கையைவிட நல்ல கை. ஆனால் அவர் எல்லோரிடமும் பேசுகிறவர். போகிற வீட்டில் எல்லாம் அடுக்களை வரைக்கும் சிநேகம் பிடித்துவிடுவார். தொழில் ரகசியத்தை உளறிவிடுவார் என்றுதான் மேஸ்திரி அவரிடம் பொறுப்பைத் தரவில்லை. "கொள்ளாம் மக்கா, நல்லா செய்யி" என்று செல்லையன் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டிலும் எனக்குச் சந்தேகம். உள்ளே வயிறு எரியாமல் இருக்குமா?

வளைவு கட்டி, மணலை வாரினோம். நின்றது. மேலே மண் பூசி, வெயில் படாமல் தென்னோலையால் மூடினோம். பின்பக்கத்துக் கொட்டகையில்தான் எங்களுக்குப் படுக்கை, சாப்பாடு அவர்கள் வீட்டில். ஒரு மத்தியானம் மீன்குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அருளப்பன் சட்டியோடு தூக்கித் திரேசம்மாளின் மேல் எறிந்தார். தோளில் பட்டு உடைந்தது. செல்லையன் பாதிச் சோற்றில் எழுந்து வெளியே போய்விட்டார். நான் தின்று முடித்தேன். பிறர் வீட்டுச் சண்டையில் நமக்கு என்ன?

திரேசம்மாள் அதிகம் பேசமாட்டார். வளைவு கட்டிய மறுநாள் என்னிடம் வந்து, "இனி இதுக்கு ஒண்ணும் செய்யண்டாமா, கொத்தனாரே?" என்று கேட்டார். மேஸ்திரியின் சட்டம் நினைவுக்கு வந்தது. "செய்ய வேண்டியதை நாங்க செய்வோம். நீங்க அடுக்களையைப் பாருங்க அக்கா" என்றேன். போய்விட்டார்.

ஒரு வாரம் காயவிட்டு, சாக்கைத் தொங்கவிட்டு, தீயைத் தொடங்கினேன். முதல் நாள் தட்டிலிருந்து சொட்டியது. சரி. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், அதுவும் சரி. ஆறாம் நாளும் சொட்டியது. தட்டைத் துடைத்துத் திரும்பப் பிடித்தேன். திரும்பவும் சொட்டியது. மாசி மாதம், ஒரு பொட்டு மழை இல்லை. காற்று உலர்ந்து அடிக்கிறது. எங்கிருந்து வருகிறது இந்த ஈரம்?

மணல்காரன் ஏமாற்றிவிட்டானா? நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பில்லை. தளத்துக்கு அடியில் போட்ட உப்பு ஈரத்தை இழுக்கிறதா? அப்படியென்றால் தளம்தானே நனைய வேண்டும். அருளப்பனே ஏதாவது செய்கிறாரா? வேலை சரியில்லை என்று சொல்லிப் பேசிய கூலியைக் குறைக்கப் பார்க்கிறாரா? அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "தம்பி, கொடியேத்துக்கு இன்னும் அஞ்சு நாளுதான் இருக்கு. என்ன, ஆவுமா?" என்றார். "ஆவும்" என்றேன். மேலே ஏறி ஓலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. கல்லையும் மண்ணையும் சந்தேகப்படத்தான் மேஸ்திரி பழக்கியிருந்தார். என் சந்தேகம் முழுவதும் ஆட்கள் மேலே போய்விட்டது.

விடிந்ததும் நானும் செல்லையனும் கோவில் முக்கில் உள்ள காப்பிக்கடைக்குப் போவது வழக்கம். மறுநாள் அவர் வயிறு சரியில்லை என்று படுத்துவிட்டார். நான் மட்டும் போனேன். கடையில் பால் வரவில்லை. உடனே திரும்பினேன். கொட்டகையில் செல்லையன் இல்லை. போர்மாப் பக்கம் போனால், கையில் மண்குடத்தோடு நிற்கிறார். குடம் காலி. வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்திருக்கிறது. வளைவின் மேல் ஓலை விலகி, பூசிய மண் கறுத்துத் தண்ணீர் வழிகிறது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "பாவி! நீருதானா?" என்று கத்தினேன். சத்தம் கேட்டு அருளப்பன் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார். செல்லையன் அடுக்களை வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தப்பி ஓட வழி பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"நான் ஒண்ணும் செய்யல்ல, மக்கா" என்றார்.

"பின்ன கொடம் எப்படி உம்ம கையில வந்து?"

குடத்தைக் கீழே வைத்தார். "நான் சொல்லுகதைக் கேளு. இன்னைக்குத் தீயைக் கூட்டாதே. உள்ள ஈரம் கெடக்கு. ஓலையை எடுத்திட்டு மூணு நாளு சும்மா காயவிடு" என்றார்.

மூன்று நாள்! கொடியேற்றுக்கு நாலு நாள் இருக்கும்போது மூன்று நாள் சும்மா விடச் சொல்கிறார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். தனக்குக் கிடைக்காத பொறுப்பு எனக்குக் கிடைத்த ஆத்திரம். வேலையைத் தள்ளிப் போட வைத்து, திருவிழாவைத் தவறவிட்டு, மேஸ்திரிக்கு முன்னால் என் முகத்தில் கரியைப் பூசத் திட்டம் போட்டிருக்கிறார். அப்படியென்றால் அவர் சொல்வதற்கு நேர் எதிரைத்தானே செய்ய வேண்டும்? தட்டைக்கூடப் பிடித்துப் பார்க்காமல் புளிய விறகை உள்ளே அடுக்கித் தீ வைத்தேன்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. சாக்கை விலக்கிப் பார்த்தேன். வளைவின் உச்சியில் நாலு கல் விழுந்து கிடந்தது. அதிலிருந்து வாசல் வரைக்கும் என் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு.

அருளப்பன் மணலில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு முரட்டு மனிதர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "என்னைக் கொண்டு கடல்ல தள்ளிட்டியளே. இனி நான் எங்கலே போவேன்?" என்றார். திரேசம்மாள் அடுக்களை வாசலில் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றார். செல்லையன் ஒரு பக்கமாக நின்றுகொண்டிருந்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

செய்தி கேட்டு மறுநாள் மேஸ்திரி வந்தார். வந்ததும் ஏசவில்லை, அதுதான் அதிகப் பயம். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வாசல் வழியாக உள்ளே தலையை விட்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு வெடிப்பை அடி முதல் நுனி வரை விரலால் தடவினார். விழுந்த கல்லில் ஒன்றை எடுத்துச் சரிபாதியாக உடைத்தார். வெளியே சூட்டில் வெளுத்திருந்த கல் நடுவில் கறுப்பாக, குளிர்ந்து இருந்தது. அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். ஒட்டியிருந்த மண்ணை நாக்கில் வைத்தார். துப்பினார்.

"கெணத்து வெள்ளம்" என்றார். "ஒரு நாளு விட்டதில்ல. பல நாளு விட்டிருக்கு. யாருலே?"

நான் செல்லையனைக் காட்டினேன். கண்ணால் கண்டதைச் சொன்னேன். காணாததையும் சேர்த்துச் சொன்னேன். தினமும் அவர்தான் செய்திருப்பார் என்று சொன்னேன். தட்டைப் பிடிக்காமல் விறகை அடுக்கியதை மட்டும் சொல்லவில்லை. என் தலை தப்ப வேண்டுமே.

மேஸ்திரி செல்லையனைப் பார்த்து, "நீயா?" என்றார். பக்கத்தில் நின்ற அருளப்பன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி இரண்டாம் தடவையும் கேட்டார். செல்லையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்க கரண்டியை எடுத்துக்கிட்டு எறங்கு. இனி எனக்க வேலைக்கு வரண்டாம்."

செல்லையன் கரண்டியையும் தூக்குக் குண்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். பதினொரு வருடம் மேஸ்திரியோடு இருந்தவர். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மேஸ்திரி கூடவே இருந்து உச்சியை இறக்கிப் புதிதாகக் கட்டினார். உச்சி மட்டும் என்பதால் எல்லாவற்றுக்கும் பத்து நாள் போதும் என்றார், அருளப்பன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் அதில் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. கொடியேற்றுக்கு நாகர்கோவில் ரொட்டிதான் வந்தது. திருவிழாவின் கடைசி இரண்டு நாள்தான் அருளப்பனின் போர்மாவில் ரொட்டி வெந்தது. மேலே சிவந்து, பிய்த்தால் நூல் நூலாக வந்தது. தேர் அன்று சனம் வீட்டு முற்றத்தில் நின்று வாங்கிப் போனார்கள். எட்டு நாள் வியாபாரம் போனது போனதுதான், ஆனாலும் மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் நான் கொட்டகையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது திரேசம்மாள் வந்தார். கையில் ஒரு பன் இருந்தது. தருவதற்காகக் கொண்டுவந்தவர் தராமலே நின்றார்.

"கொத்தனாரே, அந்த மனுசன் மேல பழி நிக்கப்பிடாது. நான்தான் வெள்ளம் ஊத்தினேன்."

எனக்கு முதலில் மனதில் ஏறவில்லை.

"வெளிச்செவருக்கு நீங்க ரெண்டு நேரமும் நனைச்சீய. வளைவு கட்டின பொறவு ஒரு சொட்டு விடல்ல. எங்க வீடு கட்டினப்ப பத்து நாளு நனைக்கணும், இல்லாட்டா செவரு நிக்காதுன்னு கொத்தனாரு சொன்னாரு. நீங்க வேலையைத் தட்டிக் கழிக்கிறீயளோன்னு எனக்குச் சந்தேகம். சாக்கைக் கட்டி மறைச்சிட்டு உள்ள என்னமோ பொகையைப் போட்டிய. கேட்டேன், சொல்லல்ல. எங்க வீட்டு அவியகிட்டச் சொன்னா உங்களோட சண்டைக்கு நிப்பாவ. அதான் நீங்க காப்பிக்குப் போன நேரம் பாத்து நானே ரெண்டு கொடம் கோரி ஊத்துவேன். நல்லா இருக்கட்டுமேன்னுதான் ஊத்தினேன். அன்னைக்கு அந்த மனுசன் பாத்துட்டு ஓடிவந்து கொடத்தைப் பிடுங்கிக்கிட்டு, போ பிள்ளே உள்ளன்னாரு. அப்பந்தான் நீங்க வந்திய."

வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "அவியளுக்கு இது தெரியாது" என்றார்.

இதற்கு மேல் ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் எனக்கு அது காதில் விழுந்ததே தவிர, உள்ளே இறங்கவில்லை. சாமானைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். அருளப்பன் நாலைந்து ஊர்க்காரர்களோடு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இந்தா போறான் பாருங்க, கள்ளப் பயக்க கூட்டம். வெள்ளத்தை ஊத்திக் கெடுத்திட்டு, கெட்டிக் குடுத்த மாதிரிக் கூலியும் வாங்கிட்டுப் போறான்" என்றார்.

எனக்கு நாக்கு நிற்கவில்லை. "எங்க ஆளு ஒருத்தனும் ஊத்தல்ல, ஓய்! ஊத்தினது யாருன்னு உம்ம வீட்டுக்குள்ள போய்க் கேளும். உம்ம பெண்டாட்டிதான் தினமும் கோரி ஊத்தியிருக்கா!" என்றேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அருளப்பன் சிரிக்கவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஒரு நிரபராதியின் பழியைத் துடைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

நேரே செல்லையன் வீட்டுக்குப் போனேன். அவர் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, என்னை மன்னிச்சிரும். உண்மை தெரிஞ்சு போச்சு. அருளப்பனுக்க முகத்துக்கு நேரே, நாலு பேரு முன்னால சொல்லிட்டு வருகேன். ஊத்தினது அவனுக்க பெண்டாட்டிதான்னு" என்றேன்.

மண்வெட்டி அவர் கையிலிருந்து நழுவியது.

"அவன்கிட்டச் சொல்லிட்டியா?"

"சொன்னேன். உமக்க பேரு சுத்தமாயிட்டு."

"எடே, அதைச் சொல்லப்பிடாதுன்னுதானலே நான் கரண்டியை எடுத்துக்கிட்டு எறங்கினேன்" என்றார். "அந்தச் சட்டி அந்தப் பிள்ளைக்க தோளில வந்து உடைஞ்சப்ப நீயும் எனக்க பக்கத்திலதானே இருந்த. பாக்கல்லியா நீ?"

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "போலே. போய்ப் பாரு" என்றார். மேஸ்திரியிடம் நடந்ததை எல்லாம், தட்டைப் பிடிக்காததையும் சேர்த்து, பிறகு நானே சொன்னேன். அவர் செல்லையனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட ஆள் அனுப்பினார். செல்லையன் வரவில்லை. பேச்சிப்பாறைக் கால்வாய் வேலைக்குப் போய்விட்டார்.

செல்லையன் சொன்ன மறுநாள் காலையிலேயே அந்தக் கடற்கரை ஊருக்குப் போனேன். முன்வாசலுக்குப் போகத் தைரியம் இல்லை, பின்பக்கமாகப் போனேன். போர்மாவில் தீ எரிந்துகொண்டிருந்தது, நல்ல தீ. திரேசம்மாள் பலகைக்கு முன்னால் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஒரு கையால். இடது கை பழைய சேலைத் துணியில் கழுத்தோடு கட்டித் தொங்கியது. ஒரு கண்ணும் வீங்கியிருந்தது.

என்னைப் பார்த்துவிட்டுப் பிசைவதை நிறுத்தினார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கொத்தனாரே, இதுக்கு வெள்ளம் ஆவாதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். "நான் கேட்டேனே."

அதற்குப் பிறகு நான் தனியாக எத்தனையோ போர்மா கட்டினேன். சாக்குக் கட்டி மறைத்ததில்லை. தீ வைப்பதற்கு முன்னால் அந்த வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு எது எதற்கு என்று சொல்லி, தட்டையும் அவர்கள் கையில் தந்து பிடித்துப் பார்க்கச் சொல்வேன். இவன் தொழிலைக் கெடுக்கிறான் என்று மற்ற மேஸ்திரிகள் ஏசினார்கள். ஏசட்டும். ஆனால் அன்று அந்த அம்மாளிடம் நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து அருளப்பனின் குரல் கேட்டது. "ஏட்டி, அங்க யாருட்டி?"

திரேசம்மாள் என்னைப் பார்த்தபடியே சொன்னார். "யாருமில்ல."